கடல் கடக்கும் உபாத்தியாயர்களுக்கு
(ஆசிரியப் பயிற்சி பெற்றோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



உபாத்தியாயர்கள் கூடியுள்ள கூட்டத்தில் பேசும்படி நம்மை அழைத்திருப்பது ஒரு விதத்தில் வேடிக்கையான காரியமேயாகும். ஏனெனில் நாம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வந்த பழைய பத்திரிகைகளே நமக்கு மேல்வகுப்புப் பாடப்புத்தகங்களாய் இருந்தன. ஆகவே பாடம் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மனிதன் ஏமாறுவது எப்படி என்பதைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். ஊர் ஊராய்த் திரிந்து நாம் பேசி வருவதெல்லாம் அதைப் பற்றியே. அந்த யோக்கியதையைக் கொண்டுதான் இன்று "அயல்நாட்டில் உபாத்தியாயர் வேலை" என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லத் துணிந்தோம்.

இந்த விஷயத்தை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் நம் தங்கை மகள், பட்டமும் பயிற்சியும் முடித்தவள், கையில் ஒரு துணிப்பையோடு நம் வீட்டுக்கு வந்தாள். பையில் இருந்தது அவள் தாயாரின் வீட்டுப் பத்திரம். அயல்நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் அவளுக்கு வேலை தயாராய் இருக்கிறதாம். மூன்று லட்ச ரூபாய் கட்டினால் போதுமாம். பத்து நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடுமாம். இப்படி ஒரு ஏஜெண்டு சொல்லியிருக்கிறார். "மாமா, பத்திரத்தை அடகு வைக்க நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்று அவள் கேட்டாள். நாம் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதே இன்றைய பேச்சு. அவளும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிழைப்புக்காக ஒருவர் கடல் கடந்து போவதில் நமக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. கடல் தாண்டினால் ஜாதி கெடும், பாவம் சேரும் என்று சொல்லி வந்த நாடு இது. 1888இல் பாரிஸ்டர் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் புறப்பட்ட தோழர் காந்தியாரை அவர் ஜாதித் தலைவர்கள் ஜாதிப்பிரஷ்டம் செய்தார்கள். இன்று அதே ஜாதிக்காரர்கள் எல்லாம் விமானச் சீட்டுக்கு முண்டியடிக்கிறார்கள். கடலும் மாறவில்லை, அன்று பாவம் என்று எழுதி வைத்த ஏடும் மாறவில்லை, வயிறும் வரவுசெலவும் மாறின. அவ்வளவே.

"இங்கே படித்துவிட்டு அங்கே போய்ச் சொல்லிக் கொடுப்பது தேசத் துரோகம்" என்று சில தேசபக்தர்கள் சொல்லுவதுண்டு. இப்படிச் சொல்லுகிறவர்களைப் பார்த்து நாம் கேட்பதெல்லாம், இங்கே அந்த உபாத்தியாயருக்கு நீங்கள் என்ன சம்பளம் கொடுத்தீர்கள் என்பதுதான். நம் தங்கை மகள் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை வேலை பார்த்து ஒன்பதாயிரம் ரூபாய் வாங்குகிறாள். கோடை விடுமுறைக்கு அந்த ஒன்பதாயிரமும் இல்லை. குருவைத் தெய்வம் என்று மேடையில் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் அத்தெய்வத்துக்குக் கொத்தனார் கூலியில் பாதிகூடக் கொடுக்காத தேசத்துக்குத் துரோகத்தைப் பற்றிப் பேச என்ன பாத்தியதை இருக்கிறது? உபாத்தியாயரும் ஒரு தொழிலாளியே. எங்கே தன் தொழிலுக்கு மதிப்பு உண்டோ அங்கே போக அவருக்கு உரிமை உண்டு.

ஆனால், போக உரிமை உண்டு என்பது வேறு. யாரோ காட்டிய வழியில் கண்ணை மூடிக்கொண்டு போவது என்பது வேறு. இதற்கு ஒரு தேசத்தின் கதையையே உதாரணமாகச் சொல்லுகிறோம்.

பிலிப்பைன் தீவுகளை உங்களுக்குப் பூகோளப் பாடத்தில் தெரியும். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஸ்பெயின் தேசத்தார் ஆண்ட அத்தீவுகள், 1898இல் அமெரிக்காவின் கைக்குப் போயின. அந்நாட்டு மக்கள் சுதந்திரம் கேட்டுச் சண்டை செய்துகொண்டிருந்தபோதே, அமெரிக்க சர்க்கார் பட்டாளத்துக்குப் பின்னால் உபாத்தியாயர்களையும் அனுப்பியது. 1901 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து "தாமஸ்" என்ற பட்டாளக் கப்பலில் ஏறிய சுமார் 500 உபாத்தியாயர்கள் ஆகஸ்டில் மணிலாவில் இறங்கினார்கள். கப்பலின் பெயரைக் கொண்டே அவர்களுக்குத் "தாமசைட்டுகள்" என்று பெயர் வந்தது. மாதம் 125 டாலர் சம்பளம் என்று பேச்சு. அவர்கள் ஊர் ஊராய்ப் போய் இங்கிலீஷில் பாடம் சொன்னார்கள். இதில் உபகாரமும் உண்டு, ஆதிக்கமும் உண்டு. எழுத்தறியாதவர் பிள்ளைக்கு இலவசப் படிப்புக் கிடைத்தது உபகாரம். ஆளுகிறவன் பாஷையே அறிவின் பாஷை என்று ஆக்கப்பட்டது ஆதிக்கம்.

கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் கப்பலில் போனவர்கள் தம் வீட்டை அடகு வைத்துப் போகவில்லை. அழைத்த சர்க்காரே கப்பல் கொடுத்தது. அழைத்த சர்க்காரே சம்பளம் பேசியது. ஆளுகிறவன் வீட்டு உபாத்தியாயர் கடல் கடந்த விதம் அது.

இனி, நூறு வருஷம் கழித்து நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு, முக்கியமாகக் கணக்கு, விஞ்ஞானம், ஊனமுற்ற பிள்ளைகளுக்கான கல்வி ஆகியவற்றுக்கு, உபாத்தியாயர்கள் கிடைக்கவில்லை. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமென்றால் அந்நாட்டாரே போக மறுக்கிறார்கள். ஆகவே இங்கிலீஷில் பாடம் சொல்லப் பழகிய பிலிப்பைன் உபாத்தியாயர்களைத் தேடினார்கள். தாமஸ் கப்பல் விதைத்த இங்கிலீஷை அறுக்க அமெரிக்கா திரும்பி வந்தது என்று சொல்லலாம். ஆனால் இம்முறை கப்பல் செலவு யாருடையது?

2007 முதல் அமெரிக்காவின் லூசியானா மாகாணப் பள்ளிக்கூடங்களுக்கு சுமார் 350 பிலிப்பைன் உபாத்தியாயர்கள் அழைத்துப் போகப்பட்டார்கள். நடுவில் இருந்தது ஆள் சேர்க்கும் ஒரு கம்பெனி. முதலில் ஒரு கட்டணம். அதைக் கட்டிய பிறகு அதைவிடப் பெரிதாக இன்னொரு கட்டணம். இரண்டாவதைக் கட்டாவிட்டால் முதலாவது திரும்ப வராது. இப்படியாக ஒவ்வொருவருக்கும் சுமார் 16,000 டாலர் வரை செலவாயிற்று. அந்நாட்டுச் சாதாரணக் குடும்பமொன்று பல வருஷம் உழைத்தாலும் காணாத தொகை அது. கடன் வாங்கினார்கள், மாத வட்டிக்கு வாங்கினார்கள். போய்ச் சேர்ந்த பிறகோ, வரும் சம்பளத்திலும் ஒரு பங்கு தரவேண்டுமென்று புதிய ஒப்பந்தம் நீட்டப்பட்டது. கையெழுத்துப் போடத் தயங்கினால், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்ற பயமுறுத்தல். விசாத்தாளே அவனிடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, கடன்பட்டவன் எப்படி எதிர்த்துப் பேசுவான்?

இவர்களெல்லாம் எழுத்தறியாத பாமரர்களா என்றால் அல்ல. அனைவரும் பட்டதாரிகள், அநேகர் பல வருஷம் அனுபவம் பெற்றவர்கள். பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவர்களே தம் சொந்தக் கணக்கில் தவறினார்கள் என்றால், படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா? இதை நாம் அவர்களை இழிவாகச் சொல்லவில்லை. ஆசை ஒருபக்கம், வறுமை ஒருபக்கம், அவசரம் ஒருபக்கம் நின்று நெருக்கினால் நாமும் அப்படித்தான் செய்திருப்போம்.

ஆனால் அவர்கள் விதி என்று சும்மா இருந்துவிடவில்லை. அவ்வூர் உபாத்தியாயர் சங்கத்தாரிடம் போய்ச் சொன்னார்கள். சங்கம் சர்க்காருக்கு எழுதியது. அந்தக் கம்பெனி மாகாண உரிமம் இல்லாமலே தொழில் நடத்தியது என்பது 2010இல் வெளிப்பட்டது. அதே வருஷம் வழக்குப் போட்டார்கள். 2012 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஜூரிகள், 45 லட்சம் டாலர் அவ்வுபாத்தியாயர்களுக்குக் கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னார்கள். காப்பாற்றியது சங்கமும் சட்டமும் அவர்களுடைய ஒற்றுமையும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு சம்பவமும் கேளுங்கள். இது அதைவிடப் புத்தி கற்பிப்பது. மேரிலாந்து மாகாணத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி என்ற இடத்துப் பள்ளிக்கூட நிர்வாகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட அயல்நாட்டு உபாத்தியாயர்களை எச்-1பி என்ற விசாவில் வைத்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்காரர்கள். சட்டப்படி எஜமான் கொடுக்க வேண்டிய விசாச் செலவுகளை உபாத்தியாயர்கள் தலையில் கட்டியது தவறு என்று அமெரிக்கத் தொழிலாளர் இலாகா கண்டுபிடித்தது. 2011இல் சுமார் 42 லட்சம் டாலரை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடாயிற்று. நல்லது என்கிறீர்கள். ஆனால் தண்டனையின் மறுபாதி என்ன தெரியுமா? அந்நிர்வாகம் இரண்டு வருஷத்துக்குப் புது விசாவும் கேட்கக்கூடாது, பழைய விசாவைப் புதுப்பிக்கவும் கூடாது. விளைவு? குற்றம் செய்தது நிர்வாகம். விசா முடிந்ததும் வேலை போனது உபாத்தியாயருக்கு! ஒரே எஜமானோடு கட்டப்பட்ட விசாவின் தன்மை இது. எஜமான் நல்லவனானாலும் கெட்டவனானாலும் அவன் விழும்போது நீங்களும் விழுவீர்கள். இதைப் புறப்படுமுன்னே அறிந்திருக்க வேண்டுமல்லவா?

இது நிற்க. நம் நாட்டில் அயல்நாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். முதலில் ஜோசியரிடம் ஜாதகத்தை நீட்டுகிறார்கள். "கடல் கடக்கும் யோகம் இருக்கிறது" என்று அவர் சொல்லுகிறார். ஏஜெண்டு கொடுத்த கடுதாசியில் சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணி என்று எழுதியிருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. அது அவர் சாஸ்திரத்தில் இல்லை. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் "விசா பாலாஜி" என்று ஒரு கோயிலே இருக்கிறது. விசா வேண்டிப் பதினொரு சுற்று. விசா கிடைத்தால் நூற்றெட்டுச் சுற்று. விசா கொடுப்பது அமெரிக்கத் தூதராலயம். சுற்றுக் கணக்கு கோயிலுக்கு! நூற்றெட்டு முறை சுற்றுவதற்கு ஆகும் நேரத்தில் ஒப்பந்தக் கடுதாசியை மூன்று முறை ஆற அமரப் படித்துவிடலாம். கால்வலியும் மிஞ்சும்.

ஆகவே, போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் என்று நமக்குத் தோன்றுகிறவற்றைச் சொல்லுகிறோம். இவற்றுக்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை.

ஒன்று: வேலை கொடுக்கிறவர் யார்? ஏஜெண்டு அல்ல, பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர், விலாசம், தலைமை உபாத்தியாயரின் கடிதம் உங்கள் கையில் வரவேண்டும். அவர்களுக்கே நீங்கள் நேரில் எழுதிப் பதில் வாங்க வேண்டும். நமது நாட்டில் 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம், அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்டு சர்க்காரில் பதிந்துகொண்டிருக்க வேண்டும் என்று விதித்தது. பதிவுச் சான்றைக் காட்டு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. காட்ட மறுப்பவனே மரியாதை கெட்டவன்.

இரண்டு: பணம் யார் கொடுப்பது? வேலை செய்யப் போகிறவனிடமே வேலைக்கு விலை வாங்குவது நியாயமா? சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1997இல் செய்த 181ஆவது ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவு, சில விதிவிலக்குகள் போக, ஆள் சேர்க்கும் தனியார் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேராகவோ மறைவாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. எல்லா தேசங்களும் அதற்குக் கட்டுப்பட்டுவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் நியாயம் எது என்பது உலகத்துக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இங்கிலாந்து சர்க்கார் 2023 பிப்ரவரியில், இந்தியா முதலிய நாடுகளில் பயிற்சி பெற்ற கணக்கு, விஞ்ஞானம், பாஷை உபாத்தியாயர்கள் அந்நாட்டு உபாத்தியாயத் தகுதிக்கு நேரே விண்ணப்பிக்க வழி திறந்தபோது, அவ்விண்ணப்பத்துக்குக் கட்டணமே வைக்கவில்லை. சர்க்கார் இலவசமாய்ப் பார்க்கிற விண்ணப்பத்துக்கு இடையில் நிற்கிறவனுக்கு ஏன் லட்சம்?

மூன்று: கணக்கு சரிதானா? மூன்று லட்ச ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் ஒன்பதாயிரம் வட்டி. வருஷத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். முதல் அப்படியே நிற்கும். நம் தங்கை மகளின் இன்றைய சம்பளம் முழுவதும் அவ்வட்டிக்கே சரியாய்ப் போகும். அங்கே போய் வாங்கும் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, வரி, விமானச் செலவு போக மிச்சம் என்ன? ஒப்பந்தம் எத்தனை வருஷம்? நடுவில் வேலை போனால் திரும்பி வரச் செலவு யாருடையது? இவற்றைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டத் தெரியாதவர்களா நீங்கள்?

நான்கு: பாஸ்போர்ட்டு யார் கையில் இருக்கும்? "பத்திரமாய் வைத்திருக்கிறோம்" என்று எஜமான் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 1967ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பாஸ்போர்ட்டு இந்திய சர்க்காரின் சொத்து. உங்களுக்கே சொந்தமில்லாததை உங்கள் எஜமானுக்கு எப்படிச் சொந்தமாக்குவது? இதை மரியாதையாய்ச் சொல்லி, கொடுக்க மறுத்துவிடுங்கள்.

தோழர்களே! இதுவரை போகிறவர்களைப் பற்றிச் சொன்னோம். போனவர் விட்டுப் போன வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2030க்குள் உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளிப் படிப்புக் கிடைக்க வேண்டுமானால் இன்னும் 4 கோடியே 40 லட்சம் உபாத்தியாயர்கள் வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அதாவது செல்வமுள்ள நாட்டுக்கும் போதவில்லை. ஏழை நாட்டுக்கும் போதவில்லை. போதாத இடத்தில் பணம் உள்ளவன் இழுத்துக்கொள்ளுகிறான். இங்கிலாந்து தன் பள்ளிக்கூடங்களுக்கு ஜமைக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்து உபாத்தியாயர்களை இழுத்தபோது, அந்நாடுகள் முறையிட்டதன் பேரில்தான், 2004 செப்டம்பரில் காமன்வெல்த்துக் கல்வி மந்திரிகள் கூடி ஒரு நடைமுறை ஒப்பந்தம் செய்தார்கள். பள்ளி வருஷத்தின் நடுவில் உபாத்தியாயரைப் பிடுங்கக்கூடாது. போகிறவருக்கு ஒப்பந்த விவரம் முழுவதும் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பன அதன் சாரம். அது சட்டமல்ல, ஒழுக்கம். ஆனால் அதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. உபாத்தியாயரின் உரிமையையும் அது மறுக்கவில்லை. அவர் விட்டுப் போகும் பிள்ளைகளையும் அது மறக்கவில்லை.

போகிறவர்களைக் கட்டிப்போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் நடுவருஷத்தில் உபாத்தியாயர் இல்லாமல் நிற்காதபடி, வருஷ முடிவில் சொல்லிக்கொண்டு போங்கள் என்கிறோம். போகிறவர்களை நிறுத்த விரும்பும் சர்க்காருக்கும், தனியார் பள்ளிக்கூட முதலாளிகளுக்கும் நாம் சொல்லுவது ஒன்றே: சம்பளத்தைக் கூட்டுங்கள். அதைவிடப் பலமான கயிறு எதுவும் இல்லை.

கடைசியாக, நம் தங்கை மகள் விஷயம். அந்த ஏஜெண்டை நாமே போய்ப் பார்த்தோம். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கேட்டோம். முதல் கேள்விக்குச் சிரித்தார். இரண்டாவதுக்குத் தேநீர் வரவழைத்தார். மூன்றாவதுக்கு, "நம்பிக்கைதான் முக்கியம்" என்றார். நான்காவதுக்கு, "உங்களைப் போன்றவர்களால்தான் பிள்ளைகள் முன்னுக்கு வரமுடியவில்லை" என்று கோபித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தின் பெயரைக் கடைசி வரையில் சொல்லவேயில்லை. நாம் எழுந்து வந்துவிட்டோம்.

பெரிய வெற்றி என்று நினைத்து வீட்டுக்கு வந்தால், அவள் நம்மோடு பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "மாமா, அவன் திருடனாகவே இருக்கட்டும். இந்த ஒன்பதாயிரத்தில் நான் இன்னும் எத்தனை வருஷம் இருக்கணும்? அதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கு?" என்று கேட்டாள்.

தோழர்களே! மேடையில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறோம். இந்தக் கேள்விக்கு நாம் வாய் திறக்க முடியவில்லை. ஏமாறாதே என்று சொல்லுவது சுலபம். ஏமாறாமல் ஒன்பதாயிரத்தில் உயிர் வாழ் என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது? ஏஜெண்டின் புரட்டைச் சொல்லிவிட்டு, அப்புரட்டுக்கு இடம் கொடுத்த கூலிக் கொள்ளையைச் சொல்லாமல் விட்டால் நாமும் பாதி உண்மை சொன்னவராகவே ஆவோம்.

அதன்பிறகு அவளும் நாமும் உட்கார்ந்து அயல்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் ஐந்தாறுக்கு அவள் பெயரிலேயே நேராக விண்ணப்பம் எழுதினோம். இங்கிலீஷ் அவளுடையது, தபால் செலவு நம்முடையது என்று சொல்லலாமென்றால், அதுவும் மின்னஞ்சலில் செலவில்லாமல் போய்விட்டது. இரண்டு இடத்தில் இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது. ஒரு இடத்தில் சான்றிதழ்களை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கிடைக்குமோ கிடைக்காதோ, கேட்டவன் பள்ளிக்கூடத்தான், கேட்டது சான்றிதழ், பணமல்ல. அந்த வித்தியாசம் போதும்.

ஆகவே, போக நினைக்கும் தோழர்களே! தோழியர்களே! தாராளமாய்ப் போங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். முன்னே போனவர்களை விசாரித்து, போன இடத்துச் சங்கத்தில் சேர்ந்து போங்கள். இங்கேயே இருக்கப் போகிறவர்கள் இங்கே ஒரு சங்கம் வைத்து, இந்த ஒன்பதாயிரத்தைக் கேள்வி கேளுங்கள். அதற்கு நம்மாலான உழைப்பைக் கொடுக்கத் தயாராய் இருக்கிறோம்.

அம்மா, உனக்கும் இதையேதான் சொல்லுகிறோம். நீ போகிற நாள் வரும். அன்றைக்கு உன் பாஸ்போர்ட்டு உன் கையில் இருக்கட்டும். உன் தாயாரின் வீட்டுப் பத்திரம் அவள் பெட்டியில் இருக்கட்டும். வழியனுப்ப நாம் வருகிறோம்.